ராயல் கிரசன்ட் எண் 1: முன்பக்கம் ஒரு கை, பின்பக்கம் முப்பது கை

நம் மாவட்டத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போய்வரும் பெற்றோர் இப்போது நிறைய. கிருஷ்ணகிரியில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் ஒரு படம் காட்டுகிறார். பாத் நகரத்துப் பச்சைப் புல்வெளி, பின்னால் வளைந்து நிற்கும் தூண்வரிசை, நடுவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நம்மவர்கள். அந்தத் தூண்வரிசைதான் ராயல் கிரசன்ட். படம் எடுத்ததோடு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். வரிசையின் முதல் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, டிக்கெட் வாங்கினால் அடுப்படி வரை போய்ப் பார்க்கலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இந்த மதிப்புரை. வீடு கட்டப்போகிறவர்களும் படிக்கலாம்.

நான் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறவன். பழையபேட்டையில் பிறந்து, மேஸ்திரியான என் அப்பாவுக்குச் சிற்றாளாக இருந்து தொழில் கற்றவன். மகளும் மாப்பிள்ளையும் பிரிஸ்டலில் இருக்கிறார்கள். அங்கிருந்து பாத் நகரம் ரயிலில் கால் மணி நேரத் தூரம்தான். முதல் முறை சுற்றுலா பஸ்ஸில் டிக்கெட் எடுத்து ஏறினோம். எந்த நிறுவனம் என்று சொல்லத் தேவையில்லை. கிரசன்ட் இருக்கும் திசையைக் கையால் காட்டிவிட்டு, அந்தத் தெருப்பக்கமே போகாமல் திரும்பிவிட்டது. அந்தக் காசுக்கு வேறு எதையாவது செய்திருக்கலாம். அதன் பிறகு நடந்தே போனோம், நடந்து பார்க்க வேண்டிய இடம்தான் அது.

முதலில் வீட்டு வரிசையைப் பற்றி. மொத்தம் 30 வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியவை. 1767இல் தொடங்கி 1774இல் முடித்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் இளைய ஜான் வுட். அவருடைய அப்பா மூத்த ஜான் வுட்தான், கொஞ்ச தூரத்தில் சர்க்கஸ் என்று அழைக்கப்படும் வட்ட வீட்டு வரிசையை வரைந்தவர். 1754இல் அந்த வேலை தொடங்கியது, அதே ஆண்டு அவர் இறந்துபோனார். மகன் அதை எடுத்துக் கட்டி 1768இல் முடித்தார். அப்பா விட்ட வேலையை முடித்துக்கொண்டே, தன் பெயர் சொல்லும் வேலையைப் பக்கத்தில் தொடங்கியிருக்கிறார். 1767 மே 19ஆம் தேதி முதல் வீட்டுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்றைக்கு அருங்காட்சியகமாக இருப்பது அந்த முதல் வீடுதான்.

அப்பா கட்டிய சர்க்கஸில் மூன்று அடுக்குக்கு மூன்று வகைத் தூண், நெற்றிப்பட்டையில் நூற்றுக்கணக்கான சிற்ப வேலைகள். மகன் அதையெல்லாம் துடைத்துப்போட்டுவிட்டார். கிரசன்ட்டில் தரைத்தளம் வெறும் வழவழப்பான சுவர். அதற்கு மேல் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே தூண், தலையில் இரு பக்கமும் சுருண்ட அயோனிக் வேலைப்பாடு. இப்படி 114 தூண்கள். ஒவ்வொன்றும் இரண்டரை அடி விட்டம். அதன் மேல் ஒரே கோட்டில் ஓடும் கார்னிஸ் (சுவர் உச்சியில் வெளியே நீட்டிய கல்பட்டை), அதற்கும் மேலே கைப்பிடிச்சுவர். வேறு அலங்காரம் இல்லை. மைய வீட்டுக்கு மட்டும் தூண்களை இரட்டை இரட்டையாக வைத்து, இதுதான் நடு என்று காட்டியிருக்கிறார். எனக்கு மகனின் வேலைதான் பிடித்தது. இத்தனை நீளத்தில் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

தூண்கள் சுவரோடு ஒட்டியவை. வீட்டின் பாரத்தைத் தாங்குவது சுவர்தான், தூண் வெயிலில் நிழல் விழுவதற்காக நிற்கிறது. காலையில் போய்விட்டு மதியம் வரை புல்வெளியில் இருந்தால் அந்த நிழல் நகர்வதைப் பார்க்கலாம்.

வளைவு அரை நீள்வட்டம். நீள்வட்டம் போட இரண்டு முளையும் ஒரு கயிறும் போதும், நம் ஊர்க் கொத்தனாருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் அந்தக் கோட்டில் முப்பது வீட்டை வரிசையாக நிறுத்துவது வேறு வேலை. உட்புறமாகக் குழிந்த பக்கம்தான் முகப்பு. ஆகவே ஒவ்வொரு வீட்டின் பக்கச்சுவர்களும் பின்னால் போகப்போக விலகும். முன்னே குறுகல், பின்னே அகலம். நான் இதைச் சொன்னதும் என் மனைவி, "அப்படியென்றால் எல்லாம் கோமுக மனைதானே, குடியிருக்க நல்லது" என்றார். நம் ஊரில் மனை வாங்குகிறவர்கள் தேடித் தேடி வாங்குகிற வடிவம், அங்கே வளைவினாலேயே வந்து வாய்த்திருக்கிறது.

இப்போது கல். நான் வளர்ந்தது கிரானைட் மண்ணில். பர்கூர் பக்கத்துக் குவாரிகளில் வயர் சா போட்டுப் பாறையை அறுப்பதைப் பார்த்த கண்ணுக்கு, பாத் கல் கல்லாகவே தெரியவில்லை. அது சுண்ணாம்புக் கல். வெட்டி எடுத்த புதிதில் ஈரம் இருக்கும்போது கை ரம்பத்தாலேயே அறுக்கலாம். காற்றுப்பட்டுக் காயக்காய இறுகும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அறுக்கலாம், ஆனால் பூமிக்குள் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஏடு ஏடாக உதிரும். கூம் டவுன், பாதாம்ப்டன் டவுன் குன்றுகளில் சுரங்கம் தோண்டி எடுத்த கல் இது. நிறம் அச்சுவெல்லம்தான், சாயங்கால வெயிலில் இன்னும் அடர்த்தி. முன்சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உள்ள இணைப்பு சில மில்லிமீட்டர்தான். பழைய கட்டடங்களை நான் நகத்தால்தான் சோதிப்பேன். அங்கே தொடக் கூசியது, கண்ணால் மட்டும் சோதித்தேன். நூல் பிடித்தாற்போல் இருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். புல்வெளியிலிருந்து பார்த்துவிட்டு அப்படியே உள்ளே போய்விடாதீர்கள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் கிரசன்ட் லேன் என்ற சந்துக்குப் போங்கள்.

பின்பக்கத்தைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். முன்னால் பார்த்த வீடுகளா இவை? ஒரு கூரை உயரம், அடுத்தது தாழ்வு. ஒரு வீட்டின் ஜன்னல் மட்டத்தில் அடுத்த வீட்டுக்கு வெறும் சுவர். ஒருவர் பின்னால் நீட்டிக் கட்டியிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் நீட்டவில்லை. குழாய்களும் புகைபோக்கிகளும் அவரவர் போக்கில். முன்னால் இழைத்த கல், பின்னால் அவ்வளவு மெனக்கெடாத கரடுமுரடான கல்வேலை. ஒரே கட்டடத்துக்கு இரண்டு முகம்.

காரணம் விற்ற முறை. வுட் விற்றது முகப்பின் நீளத்தை. இத்தனை அடி முகப்பு உங்களுக்கு என்று ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முகப்பை வுட் வரைந்தபடி ஒரு அங்குலம் பிசகாமல் கட்ட வேண்டும். அதற்குப் பின்னால் எத்தனை அறை, எங்கே படிக்கட்டு, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் வாங்கியவர் விருப்பம், அவர் வைத்துக்கொள்ளும் கட்டடக்காரர் விருப்பம். முன்னாலிருந்து இரண்டு வீடாகத் தெரிவது சில இடங்களில் உள்ளே ஒரே வீடாக இருப்பது இதனால்தான். தெருவுக்கு ஒரு சட்டம், வீட்டுக்குள் முழுச் சுதந்திரம். வாங்கியவர்கள் எல்லோரும் அதற்கு ஒப்புக்கொண்டு கட்டியிருக்கிறார்கள், இன்று வரை அது நிற்கிறது. என் தொழிலில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரியாது. பக்கத்து மனைக்காரர் இருவரை ஒரு பொதுச்சுவருக்குச் சம்மதிக்க வைக்க நான் பட்டிருக்கும் பாடு எனக்குத்தான் தெரியும்.

உள்ளே போவோம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வசதியான குடும்பம் வாழ்ந்த விதத்தில் அறைகளை அமைத்து வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு அறை, பெரிய மனிதர் தனியாக உட்காரும் அறை, மாடியில் விருந்தினர் கூடும் அறை, படுக்கையறைகள். ஒலியும் படமும் வைத்து, அக்காலக் குடும்பம் ஒன்று அந்தந்த அறையில் பேசிக்கொண்டிருப்பதுபோல் காட்டுகிறார்கள். மகளுக்கு அது மிகவும் பிடித்தது. நான் மேற்கூரையின் சாந்து வேலையையும் ஜன்னல் சட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மாடி ஜன்னல்களைக் கவனியுங்கள். இந்த வரிசையின் பல வீடுகளில் பிற்காலத்தவர்கள் ஜன்னலின் அடிமட்டத்தை உடைத்துக் கீழே இறக்கிவிட்டார்கள். எண் 1இல் அதைப் பழைய அளவுக்கே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். வெளியே வந்து பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரு ஜன்னல் ஓர் அடி இறங்கினால் முகப்பின் கணக்கே குலைகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

கீழ்த்தளம்தான் எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது. சமையலறை, பாத்திரம் கழுவும் இடம், வேலைக்காரர்கள் சாப்பிடும் இடம் எல்லாம் அங்கே. சமையலறைச் சுவரில், தலைக்கு மேல், மரத்தால் செய்த ஒரு சக்கரம் மாட்டியிருக்கிறது. அதற்குள் குட்டைக் கால் நாய் ஒன்றை விட்டுவிடுவார்கள். அது ஓட ஓடச் சக்கரம் சுழலும், சக்கரத்தோடு பிணைத்த கம்பி அடுப்புக்கு முன்னால் இறைச்சியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். இதற்கென்றே ஒரு நாய் இனத்தை வளர்த்திருக்கிறார்கள், இப்போது அந்த இனமே இல்லை. என் மனைவி அந்தச் சக்கரத்துக்குக் கீழேயே நின்றிருந்தார். "அடுப்புச் சூடு மேலேதானே ஏறும். அந்த வாயில்லாச் சீவன் அங்கேயா ஓடியது?" என்று கேட்டார். மாப்பிள்ளையால் பதில் சொல்ல முடியவில்லை. மாடியில் பார்த்த பட்டுத்திரைகளும் பளிங்குக் கணப்பும் எனக்கு அதற்குப் பிறகு வேறு மாதிரித் தெரிந்தன. இந்த அருங்காட்சியகம் அடுப்படியை மறைக்காமல் மாடிக்குச் சமமாகக் காட்டுகிறது, அதற்காகவே இதை உயர்வாக மதிக்கிறேன். வேலைக்காரர்கள் புழங்கிய பகுதி பின்னாளில் தனி வீடாகப் பிரிந்து போயிருந்தது. அதைத் திரும்பச் சேர்த்து 2013இல் திறந்தார்கள். அது சேராமல் இருந்திருந்தால் பாதி வீட்டைத்தான் பார்த்திருப்போம்.

குடியிருந்தவர்கள் கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். எண் 1இல் முதலில் 1776 முதல் வாடகைக்கு இருந்தவர் ஹென்றி சாண்ட்ஃபோர்டு, அயர்லாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னாளில் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் இரண்டாவது மகன் யார்க் கோமகன் வந்து தங்கினார். வெறும் கிரசன்ட்டாக இருந்தது ராயல் கிரசன்ட் ஆனது அதனால்தான். எண் 11இல் இருந்த எலிசபெத் லின்லி என்ற பாடகி 1772இல் நாடக ஆசிரியர் ஷெரிடனோடு வீட்டைவிட்டுப் போனார்.

நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது சர்க்கஸில் 14ஆம் எண் வீடு. அதில் இருந்தவர் ராபர்ட் கிளைவ். இந்தியாவில் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பலர் ஓய்வுக்கும் வெந்நீர்க் குளியலுக்கும் பாத் நகரத்துக்கு வந்தார்கள். 1791 நவம்பரில் கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரிப் பேட்டையைப் பிடித்துவிட்டு, மலைக்கோட்டையில் ஏற முடியாமல் திரும்பியதே, அப்போது கிரசன்ட்டுக்கு வயது 17. அடுத்த ஆண்டு நம் பகுதி அடங்கிய பாரமகால் திப்புவின் கையிலிருந்து கம்பெனிக்குப் போனது. கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து தீர்வை கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அங்கே இந்தத் தூண்களுக்கு முன்னால் மாலை உலா நடந்துகொண்டிருந்தது. நான் அந்தப் புல்வெளியில் நின்றபோது இதை மகளிடம் சொன்னேன். அழகை ரசிப்பதற்கு அது தடையில்லை. ஆனால் தெரிந்துகொண்டு ரசிக்க வேண்டும்.

இது தானாக நிலைத்த கட்டடம் அல்ல. 1942 ஏப்ரலில் ஜெர்மானிய விமானங்கள் பாத் மேல் குண்டு போட்டபோது 2, 17 எண் வீடுகள் உள்ளே எரிந்துபோயின. பிறகு பல வீடுகள் அடுக்கு வீடுகளாகப் பிரிந்தன. 1950இல் முதல் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் சொந்த வீடானாலும் அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்ற முடியாது. 1967இல் பெர்னார்டு கேய்சர் என்பவர் எண் 1ஐ வாங்கிப் பாத் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் கொடுத்தார். சீர்செய்து 1970இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1970களில் எண் 22இல் இருந்த ஒரு பெண்மணி வாசல் கதவுக்கு மஞ்சள் அடித்துவிட்டார். வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது, அவர் மறுத்தார், வழக்கு அமைச்சர் வரை போய் அவருக்குச் சாதகமாக முடிந்தது. கதவு இன்றும் மஞ்சள்தான். அந்த முடிவு சரி என்பது என் கருத்து. கார்னிஸ் கோடு எல்லோருக்கும் பொது, கதவு அந்த வீட்டுக்காரருடையது.

ஊருக்கு வந்த பிறகு இந்தப் படங்கள் எனக்கு வேலையில் உதவுகின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். பழையபேட்டையில் அண்ணன் தம்பி மூவர், பாகம் பிரித்த வீடு. முன்னால் ஒரே நீளத் திண்ணை, மரத்தூண்கள், நாட்டு ஓடு வேய்ந்த ஒரே தாழ்வாரம். அவரவர் பங்கை இடித்து அவரவர் எலிவேஷன் போட வேண்டும் என்று வந்தார்கள். மூத்தவருக்குக் கண்ணாடி, இரண்டாமவருக்கு டைல்ஸ். இப்படித்தான் எங்கள் தெருக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது, புதிதாகக் கட்டுகிறவர் அடித்தளத்தை மூன்றடி தூக்குகிறார், பக்கத்து வீட்டுத் திண்ணை பள்ளத்தில் விழுந்து மழைத்தண்ணீர் உள்ளே போகிறது. பொதுச்சுவரை ஒருவர் அசைத்தால் இரண்டு வீட்டில் விரிசல். அந்தத் திண்ணைகள் ஒரே மட்டத்தில் இருந்தது தற்செயல் அல்ல. எழுதி வைக்காத ஓர் ஒப்பந்தம் அந்தத் தெருவில் இருந்தது. என் அப்பா புது வீட்டுக்குக் கயிறு கட்டும்போது முதலில் பக்கத்து வீட்டுத் திண்ணையின் மேல்தான் ரசமட்டத்தை வைப்பார்.

மூவரையும் உட்கார வைத்து, கிரசன்ட்டின் முன்பக்கப் படத்தையும் பின்பக்கப் படத்தையும் காட்டினேன். இரண்டாமவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் பின்னால் நான் மூன்று மாடி போட்டாலும் அண்ணன் கேட்கக் கூடாதா?" என்றார். "முன்னால் தாழ்வாரக் கோடு மாறாதவரை கேட்கக் கூடாது" என்றேன். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திண்ணை உயரம் எவ்வளவு என்று மூன்று பேர் முன்னாலேயே எழுதிக் கொடுங்கள்" என்றார். ஒரே தாளில் மூன்று வீட்டுக்கும் ஒரு முகப்பு வரைந்து கொடுத்திருக்கிறேன். திண்ணை மட்டம், தாழ்வாரத்தின் அடிமட்டம், தூண்களின் இடைவெளி, இந்த மூன்று மட்டும் பொது. இளையவர் கையெழுத்து இன்னும் பாக்கி. அவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும், அதற்காகத் திண்ணையை வெட்டாமல் பின்சந்து வழியாக வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பணம் படைத்தவர் வீட்டைத்தானே காப்பாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள், எளிய வீடுதான். பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள், நம் பகுதி வீடு எந்த அளவில் இருந்தது என்பது உள்ளே நின்றால் உடம்புக்குத் தெரியும். அங்கே கற்றது வேறு, பாத் நகரத்தில் கற்றது வேறு. ஒரு வீட்டைக் காப்பாற்றுவதை தொரப்பள்ளி காட்டுகிறது, ஒரு தெருவையே காப்பாற்றுவதை கிரசன்ட் காட்டுகிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ரயில் நிலையத்திலிருந்து கிரசன்ட் வரை ஏற்றம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முதலில் சர்க்கஸ், பிறகு புரோக் தெரு வழியாக வாருங்கள். அந்தக் குறுகலான தெருவின் முடிவில் வளைவு சட்டென்று திறக்கிற இடம் தவறவிடக் கூடாதது. புல்வெளிக்கு நடுவே ஒரு பள்ளச்சுவர் ஓடுகிறது, மேலிருந்து பார்த்தால் தெரியாது. கீழே மேயும் கால்நடை மேலே வராமலும், வீட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணில் வேலி படாமலும் இருக்கச் செய்த ஏற்பாடு. பேரப்பிள்ளைகளை அங்கே ஓட விடாதீர்கள். அருங்காட்சியகத்தில் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் படிகள் உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள் வாசலிலேயே சொல்லி வசதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மையத்திலுள்ள 15, 16 எண் வீடுகள் இப்போது ஹோட்டல், மற்றவை பெரும்பாலும் மக்கள் குடியிருக்கும் வீடுகள், ஆகவே ஜன்னலுக்குள் கேமராவை நீட்டக் கூடாது. ஊர் முழுவதையும் விளக்கிக் கேட்க வேண்டுமென்றால் சுற்றுலா பஸ்ஸில் ஏறாதீர்கள். நகர மேயரின் கௌரவ வழிகாட்டிகள் என்று தொண்டர்கள் இருக்கிறார்கள், தேவாலயத்துக்கு முன்னுள்ள முற்றத்திலிருந்து இலவசமாக நடத்தி அழைத்துப்போவார்கள். முடிந்ததும் காசு நீட்டாதீர்கள், வாங்கமாட்டார்கள்.